வெள்ளிக்கிழமையின் இரண்டரை மணி நேரம்

நம் பாராளுமன்றத்தில் நிறைவேறும் சட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே மந்திரிகள் கொண்டுவருபவை. மந்திரியல்லாத அங்கத்தினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா சட்டமானது கடைசியாக 1970-ஆம் ஆண்டில். 1952-இல் முதல் மக்களவை கூடியது தொட்டுக் கணக்கிட்டாலும் அவ்வாறு சட்டமானவை மொத்தம் பதினான்கே.

இவற்றைத் 'தனியார் மசோதா' என்று எழுதுவோர் உண்டு. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அச்சொல் உவப்பானதன்று. ஏதோ கம்பெனி விவகாரம் என்று தோன்றச் செய்கிறது. 'கைர் சர்க்காரி' என்னும் ஹிந்திச் சொல் வடக்கே வாழும் உங்களுக்குப் பழகியிருக்கும். ஆயினும் எதிர்க்கட்சியினர் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். ஆளும் கட்சியினராயினும் மந்திரி பதவி வகிக்காதவர் எவரும் இவ்வகையினரே.

மக்களவையில் இத்தகைய மசோதாவைக் கொண்டுவர விரும்புவோர் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரமே இவ்வலுவலுக்கு உரியது. அதிலும் ஒரு வாரம் மசோதாக்கள், மறு வாரம் தீர்மானங்கள். எந்த மசோதா முதலில் விவாதத்துக்கு வரும் என்பதில் குலுக்கலுக்கும் பங்குண்டு. வெள்ளிக்கிழமை மாலை வெளியூரில் வேலை பார்ப்பவர் மனம் எங்கே இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அங்கத்தினர்களும் தத்தம் தொகுதிக்குப் புறப்படும் நேரம் அது.

இதனினும் பெரிய தடை ஒன்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பிற மாநிலங்களில் உழைக்கும் தமிழர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் செலவில் தாய்மொழிப் பள்ளிகள் வேண்டுமென்று ஓர் அங்கத்தினர் மசோதா எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கத்தின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு நேருமாயின், ஜனாதிபதியின் பரிந்துரையின்றி எந்த அவையும் அதனை நிறைவேற்றலாகாது என்கிறது 117-ஆவது ஷரத்து. ஜனாதிபதியோ மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே பெட்டிச் சாவி மந்திரிகளிடமே தங்குகிறது. வரி விதிப்பவரே செலவுக்கும் பொறுப்பாளியாதலால், இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை கூறமாட்டேன். இரண்டரை மணி நேரம் என்பதுதான் மிகச் சிக்கனமாகத் தோன்றுகிறது.

அந்தக் குறுகிய வாயில் வழியே வந்த ஒரு சட்டத்தைக் கேளுங்கள். பாராளுமன்றத்தில் பேசியதற்காக அங்கத்தினர் மீது வழக்குத் தொடர முடியாது. ஆனால் அப்பேச்சை வெளியிட்ட பத்திரிகைக்கு அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை. ஆளும் கட்சி அங்கத்தினரான பெரோஸ் காந்தி கொண்டுவந்த மசோதா 1956-இல் சட்டமாகி, தீய நோக்கமின்றி வெளியிடப்படும் பெரும்பாலும் உண்மையான அறிக்கைகளுக்குக் காப்பளித்தது. வானொலிக்கும் அது பொருந்தும் என்று அச்சட்டமே கூறிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அது நீக்கப்பட்டது. 1977-இல் மீண்டும் இயற்றப்பட்டது. பின்னர், 44-ஆவது திருத்தத்தின் வாயிலாக, அப்பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றது.

பெரும்பாலான மசோதாக்களின் முடிவு வேறு. விவாதம் நடக்கும், மந்திரி பதிலளிப்பார், அரசாங்கம் கவனிக்கும் என்று கூறி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு வேண்டுவார், அங்கத்தினரும் இசைவார். இதனை வீண் சடங்கு என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. கேளாதிருந்தால் அரசாங்கம் சொல்லியிராத பதிலொன்று அவைக் குறிப்பில் ஏறிவிடுகிறதல்லவா?

தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்ற திருச்சி சிவாவோ அவ்வாறு இசையவில்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதாவைத் திரும்பப் பெறுமாறு அரசாங்கம் கேட்டும், வாக்கெடுப்பை வற்புறுத்தினார். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமையன்று, குரல் வாக்கெடுப்பில் அவை அதனை ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசாங்கம் தானே வேறு மசோதா கொண்டுவந்து, 2019-இல் அதனைச் சட்டமாக்கிற்று. சிவாவின் மசோதா கேட்ட இட ஒதுக்கீடு அந்தச் சட்டத்தில் இல்லை.