உள்ளுணர்வை எப்போது நம்பலாம்?

அமெரிக்காவில் ஒரு வீட்டில் தீ. தண்ணீரைப் பீய்ச்சியும் அடங்கவில்லை. சூடு அதிகம், சத்தமோ குறைவு. ஏதோ சரியில்லை என்று பட்டது, தீயணைப்புக் குழுத் தலைவருக்கு. உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். சற்று நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீ மூண்டிருந்தது தரைக்குக் கீழே, நிலவறையில்!

உளவியலாளர் கேரி கிளைன் பதிவுசெய்த சம்பவம் இது. தலைவர் தன் உள்ளுணர்வை அதிசய சக்தி என்று நினைத்தார். கிளைனோ, பல வருட அனுபவம் என்றார்.

2009-ல் அவரும் இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒழுங்குள்ள சூழலில், செய்ததன் பலனைப் பார்த்துப் பார்த்துத் தேறியவரின் உள்ளுணர்வையே நம்பலாம் என்றார்கள்.

அலுவலகத்துக்கும் இது பொருந்தும். பழகிய மாற்றம் வரும்போது, தலைமையில் இருப்பவர்கள் மனம் சொல்வதைக் கேட்கட்டும். ஆனால், பழகாத மாற்றம் என்றால், களத்தில் வேலை செய்பவர்களையும் கேட்டு முடிவெடுக்கட்டும். அதுதான் எல்லோருக்கும் நல்லது.