தண்ணீருக்குள் நிற்கும் கோபுரம்



மேட்டூர் அணையில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால், பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். கூடவே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தெரியும். 1934இல் முடிந்த அணைக்காக அங்கிருந்த மக்கள் ஊரையே விட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் இழந்ததால்தான் தஞ்சையில் நெல் விளைகிறது.

அணைகளுக்கும் வயதாகிறது. அமெரிக்காவின் கிளமாத் ஆற்றில் நான்கு பழைய மின் அணைகளை 2024க்குள் இடித்து அகற்றினார்கள். மீன்கள் மேலே ஏறி வந்தன. ஆற்றோரப் பழங்குடி மக்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையைப் பாருங்கள். அணை உடைந்துவிடுமோ என்று இடுக்கி மக்களுக்குப் பயம். அணை போனால் வயலே போய்விடும் என்று தேனி, மதுரை விவசாயிகளுக்குப் பயம். 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பயம் தீரவில்லை.

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தந்தை ஆபிரகாமின் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடியிருந்தார்கள். ஈசாக்கு அவற்றைத் தூர்வாரினார். புதிதாகத் தோண்டிய கிணறுகளுக்கோ, தண்ணீர் எங்களுடையது என்று இருமுறை சண்டைக்கு வந்தார்கள். அவர் பகை வளர்க்கவில்லை. பிறகு சமாதானம் பேச வந்தவர்களுக்கு விருந்து வைத்தார். முன்னோர் தந்ததைப் பராமரித்தார். பக்கத்து மனிதரையும் இழக்கவில்லை.

குமாரபாளையத்து மக்களே, இரண்டு பயமும் நமக்குத் தெரியும். மேட்டூர் நிரம்பி உபரிநீர் வரும்போது, நம் ஆற்றோர வீட்டுக்காரர்கள் பிள்ளைகளையும் பாத்திர பண்டங்களையும் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போகிறார்கள். காவிரி வறண்டால் காலிக் குடத்தோடு நிற்பதும் நாம்தான். ஆகவே டீக்கடையில் யாராவது இடுக்கி மக்களின் பயத்தைக் கேலி செய்தால், கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். நம் விவசாயியின் தேவையைத் தயங்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய பயத்தையும் கேளுங்கள். அணையை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும்போது, மூழ்கிப்போன அந்த ஊர்க்காரர்களைப் போல யாரும் கணக்கில் விடுபடக் கூடாது.

தண்ணீரைத் தந்த இறைவன், அதைப் பகிரும் மனத்தையும் நமக்குத் தருவாராக. ஆமென்.