முதல் வகுப்பிலேயே வாத்தியம்



பெங்களூரில் இசைக் கருத்தரங்கு என்றால் மல்லேசுவரம் பக்கம்தான் போவோம். வயலின் வடிவிலேயே கட்டிய சௌடையா நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. இன்று ஒக்கலிபுரத்தில் கூடியிருக்கிறோம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகளின் பேட்டை இது. தொடக்கப் பள்ளியில் வாத்தியம் கற்பிப்பதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரை அப்படி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் சொல்லித் தருகின்றன. ஆனால் சேருவதற்குப் பன்னிரண்டு வயதாக வேண்டும். விரல் இளகியிருக்கும் வயதில், கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் வயதில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தனி வாத்தியார் கிடைக்கிறார். மற்றவர்களுக்கு ஆண்டுவிழா வந்தால் பதிவு செய்த பாட்டுக்கு ஆட்டம். இது அநீதி என்றே சொல்வேன்.

வாத்தியம் வாங்கக் காசில்லை என்பார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்குக் காசே தேவையில்லை. தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டைச் சொல்கிறேன். எட்டு எண்ணிக்கையைத் ‘தகதிமி தகதிமி’ என்று சொல்ல வையுங்கள். அதே எட்டை, தாளத்தை நிறுத்தாமல், ‘தகிட தகிட தக’ என்று மாற்றச் சொல்லுங்கள். முதலில் பாதி வகுப்பு தடுமாறும். சில நாளில் பெஞ்சில் தட்டிக்கொண்டே ஓடுவார்கள். மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு என்று கணக்கு வாத்தியார் சொல்வதற்கு முன் கை சொல்லிவிடும். தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் உருதுப் பிள்ளையும் சமமாக நின்று பேசக்கூடிய மொழி அது. டி.ஏ.எஸ். மணி 1964இல் இந்த ஊரில் தொடங்கிய தாளவாத்தியக் கல்லூரி கொன்னக்கோல் என்னும் இந்தச் சொற்கட்டுக் கலையை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. பக்கத்துப் பள்ளிக்கு அது வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது வாத்தியத்தின் அளவு. நம் முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலக்கால் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு முழு வயலினைக் கொடுத்தால் இடக்கை நீண்டு விறைக்கும், தோள் தூக்கிக்கொள்ளும், வில் குதிரையை விட்டு நழுவி விரல்பலகைக்கு ஏறும். ‘சுருதி சேரவில்லை’ என்று பிள்ளையைத் திட்டுவோம். கால் அளவு, அரை அளவு வயலின்கள் கடையிலேயே கிடைக்கின்றன. ஜப்பானில் ஷினிச்சி சுசுகி போர் முடிந்த கையோடு 1946இல் மாட்சுமோட்டோவில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது குட்டி வயலினைத்தான் கையில் கொடுத்தார்; காதுக்குப் பிறகே ஏட்டைக் காட்டினார். புல்லாங்குழலும் அப்படித்தான். சுருதி ஏற ஏற நீளம் குறையும், துளைகள் நெருங்கும். சின்ன விரலுக்கு அதுவே எட்டும். வீணைக்குக் கொஞ்ச காலம் பொறுத்திருக்கலாம். சுருதிக்குக் கவலை இல்லை. மின் தம்புராவை ஜி. ராஜ் நாராயண் 1979இல் உருவாக்கியது இந்த பெங்களூரில்தான். ரயில் சத்தத்துக்கு நடுவிலும் அது நின்று ஒலிக்கும்.

இனி, எதை வாசிப்பது? சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்கும் மரபைப் புரந்தரதாசரோடு சேர்த்தே சொல்கிறோம். குரலுக்கு அது அருமை. வகுப்பறையில் இருபது வில் ஒன்றாக ஏறி இறங்க, முதலில் நொட்டு ஸ்வரம்தான் பொருந்தும் என்பது என் கருத்து. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்டு மெட்டுகளுக்கு இயற்றிய நாற்பதை ஒட்டிய சிறு உருப்படிகள் அவை. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் இல்லாத நேர்நடை. அவர் தம்பி பாலுசுவாமி மணலியில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதாகத்தான் வரலாறு சொல்கிறது. கர்நாடக இசைக்குள் வயலின் வந்த வாசலே அது. பிள்ளைகள் அந்த வாசல் வழியே வரட்டும். கமகம் ஆசிரியரின் விரலைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் படியும்.

கற்பிப்பவர் யார்? தமட்டையும் பறையும் அடிக்கும் கலைஞர்கள் இந்த நகரிலேயே இருக்கிறார்கள். தீயில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றத் தெரிந்தவர், குழந்தைக்கு ஒலியியலின் முதல் பாடத்தைக் கண்ணெதிரே காட்டுகிறார். பட்டயம் இல்லை என்று அவரைப் பள்ளி வாசலில் நிறுத்துகிறோம். மதிப்பூதியத்தோடும் மரியாதையோடும் அவரை உள்ளே அழைக்க வேண்டும். தவில், நாதசுரக் கலைஞர்களுக்கும் இதுவே.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது நிமிட வகுப்பு, நாற்பது பிள்ளைகள், கையில் பத்து வாத்தியம். இந்தக் கணக்குக்குள் உங்கள் முறை எப்படி நடக்கும் என்று நிமிடம் பிரித்துச் சொல்லுங்கள். 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும் இசைப் பயிற்றுநர் வேண்டும் என்ற தீர்மானத்தை மாலை அமர்வில் முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை எழுதிக் கொடுங்கள். முதல் அமர்வு சொற்கட்டைப் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.