பிரேக் பிடித்துப் பார்த்தீர்களா?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். இன்று மிதிவண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி விலையில்லா மிதிவண்டியில் இறக்கத்தில் வந்தாள். வளைவில் வண்டி நிற்கவில்லை. சறுக்கிப் போய்ச் சிறுபாலத்துச் சுவரில் மோதியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வீட்டுக்குப் பார்க்கப் போனேன். அவளுடைய அப்பா சொன்னார்: “சைக்கிளும் வேணாம், படிப்பும் போதும் சார். புள்ளைய வீட்டுலயே வெச்சுக்கிறோம்.”

வண்டியைப் பார்த்தேன். பின் பிரேக்கின் ரப்பர் கட்டை தேய்ந்து வழுவழு என்று இருந்தது. முன் பிரேக் கம்பி கழற்றியே விடப்பட்டிருந்தது. கேட்டால், “முன் பிரேக் பிடிச்சா கவுந்துடும்னு அண்ணன் கழட்டிடுச்சு சார்” என்றாள். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடத்தை அவளுக்கு நடத்தியவன் நான்தான். அந்தத் தேர்வில் உராய்வு வினாவுக்கு முழு மதிப்பெண் போட்டவனும் நான்தான். ஒருநாள்கூட அவள் வண்டியின் பிரேக்கை நான் பிடித்துப் பார்த்ததில்லை.

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய மிதிவண்டித் திட்டம் பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. தூரம் காரணமாகப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். படிப்புக்கென்று வந்த வண்டியே படிப்பை நிறுத்தும் காரணமாகிவிடுமோ என்ற பயம் அன்று எனக்கு வந்தது.

மறுவாரம் எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். அவர் சொன்னது எளிமையானது. கைப்பிடியை முழுவதும் இழுத்தாலும் ஹேண்டில்பாருக்கும் அதற்கும் இடையே ஒரு விரலாவது நுழைய வேண்டும். ரப்பர் கட்டையில் உள்ள கோடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டை ரிம்மில் மட்டும் உட்கார வேண்டும். டயரில் படக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக் பிடித்தால் உடனே நிற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

பிறகு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மெதுவான வேகத்தில் சோதித்தோம். பின் பிரேக் மட்டும் ஒரு முறை, இரண்டும் சேர்த்து ஒரு முறை, தரையையும் ரிம்மையும் நனைத்துவிட்டு ஒரு முறை. நாடாவால் அளந்தது பிள்ளைகள்தான். இரண்டும் சேர்ந்தபோது வண்டி சீக்கிரம் நின்றது. ஈரத்தில் தூரம் கூடியது. பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது என்பதை அவர்களே சொன்னார்கள். முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால்தான் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும்.

கணக்கும் போட்டோம். மாணவியும் வண்டியும் சேர்ந்து 65 கிலோ. 100 மீட்டர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்கினால் இழக்கும் ஆற்றல் சுமார் 64,000 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. மிதிக்காமல் இறங்கும்போது அதில் பெரும்பகுதியை அந்தச் சிறிய ரப்பர் கட்டைகளும் ரிம்முமே தாங்க வேண்டும். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கிய லாரிகளின் கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. அங்கும் இதே வெப்பம்தான் பிரேக்கைக் கைவிட வைக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே வளைவில் அல்ல, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இப்போது பெற்றோர் சிலர் வேறொரு கேள்வியோடு வருகிறார்கள். “பையன் கியர் வண்டி கேக்கறான், எது சார் வாங்கலாம்?” மலைப்பாதைக்கு கியர் உதவும் என்பது உண்மை. சாதாரண வண்டியில் முன்பல் 44, பின்பல் 18 என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். கியர் வண்டியில் 28க்கு 28 போட்டால் ஒரே சுற்று. ஏற்றத்தில் கால் வலிக்காது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஏழு பல்சக்கரம் இருந்தால் பள்ளிக்கு வந்துபோகப் போதும்.

டிஸ்க் பிரேக் மழையிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் தகடு சக்கரத்தின் நடுவில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. ஆனால் தேய்ந்த பேடு உள்ளூர்க் கடையில் கிடைக்குமா, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் கேபிள் வைத்த நல்ல ரிம் பிரேக்கே மேல். விலை குறைந்த வண்டியில் ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டும். அந்தப் பணத்துக்குத் தலைக்கவசமும், பின்னால் ஒளி பிரதிபலிக்கும் வில்லையும், ஒரு மணியும் வாங்கலாம். வண்டியின் குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நின்றால், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று பெரிய வண்டி வாங்க வேண்டாம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஓட்டக் கற்பது விடுதலை என்றால், நிறுத்தக் கற்பதும் அதில் சேர்ந்ததுதான்.

அந்த மாணவியின் அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தோம். சரிசெய்த வண்டியின் இரண்டு பிரேக்கையும் அவரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகு மகளை அனுப்பிவைத்தார். இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஸ்பேனரோடு நிற்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை வகுப்புக்குப் போகுமுன் பத்து நிமிடம் மிதிவண்டி நிறுத்தத்தில் நில்லுங்கள். பத்து வண்டிகளின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். எத்தனை நிற்கின்றன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.