பத்து விரலோடு வீடு திரும்புவோம்

(பெங்களூரில் நம் சங்க உறுப்பினர்கள் கூட்டாகக் கட்டி முடித்த மரப்பட்டறையை, நகரின் மரத்தொழிலாளர்களுக்குச் சுற்றிக் காட்டிய நாளன்று ஆற்றிய உரை.)

அன்பிற்குரிய தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, வேலை முடிந்த கையோடு அலசூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும் தம்பிமார்களே!

பட்டறை கட்டி முடித்துவிட்டோம், பார்க்க வாருங்கள் என்று அழைத்தோம். பெருமையோடுதான் அழைத்தோம், அதை மறைப்பானேன்? தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒரு பையில் உளியும் சுத்தியலும் இழைப்புளியும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள் நாம். இந்த நகரத்து வீடுகளுக்குக் கதவு செய்தோம், கட்டில் செய்தோம், ஆபீஸ்களுக்கு மேசை செய்தோம். ஆனால் மழை வந்தால் நம் மரத்தை ஒதுக்கி வைக்க நமக்கென்று ஒரு கூரை இருந்ததில்லை. இன்று இருக்கிறது. பதினான்கு குடும்பங்கள் மாதாமாதம் ஒதுக்கிய பணத்தில் எழுந்த கூரை இது.

பார்த்துவிட்டுக் கைதட்டிப் போவதற்காக மட்டும் உங்களை அழைக்கவில்லை. நீங்கள் தொழில் தெரிந்தவர்கள். விழாவுக்கு வரும் பிரமுகர் கண்ணுக்குத் தெரியாத குறை உங்கள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

முதலில் வாசலைப் பாருங்கள். மரம் இந்தப் பக்கம் நுழைகிறது. செய்து முடித்த சாமான் அந்தப் பக்கம் வெளியேறுகிறது. அடுக்கி வைக்கும் இடம், அறுக்கும் இடம், இழைக்கும் இடம், பொருத்தும் இடம், கடைசியில் பாலிஷ் அறை. ஒரு பலகை திரும்பி நடக்க வேண்டியதில்லை. நீளப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே ஒருவன் புகுந்து போவதும் இங்கே இல்லை. அடுக்கில் பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்துக் காற்று ஓட விட்டிருக்கிறோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. மைசூர் ரோடு மரக்கடையில் ‘காய்ந்த மரம்’ என்று சொல்லிக் கொடுப்பதை இனி அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இனி இந்த வட்ட ரம்பத்தின் அருகே வாருங்கள். இதன் குதிரைசக்தி எத்தனை என்று கேட்பீர்கள். அதற்கு முன், வாளுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இந்தத் தகட்டைப் பாருங்கள். அறுபட்ட மரம் மீண்டும் கூடி வாளை நெரித்தால் என்ன ஆகும்? பலகை பின்னோக்கிப் பாயும்; தள்ளிக்கொண்டிருந்த கை வாளின் மேல் விழும். இந்தத் தகடு அந்த இடைவெளி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. மேலே மூடி இருக்கிறது. கடைசி அரையடியைக் கையால் தள்ளாமல் இருக்க, தள்ளுகட்டை இதோ தொங்குகிறது. இவை மெஷினோடு வருகிற சாமான்கள்தாம். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்ட பட்டறைகளை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சுவிட்சைப் பாருங்கள். கரண்ட் போனதும் இது தானே விழுந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் ஒருவர் வந்து அழுத்தினால்தான் மெஷின் ஓடும். கரண்ட் போன நேரத்தில் வாளுக்கு அருகே தூளைத் துடைக்கக் குனிந்தவனுடைய கை, கரண்ட் வந்த நொடியில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிவப்புக் குமிழை முழங்காலால் இடித்தாலும் மெஷின் நின்றுவிடும்.

அடுத்தது இழைக்கும் மெஷின். பழைய மெஷின்களில் கத்தி பூட்டும் உருளை சதுரமாக இருந்தது. அதில் சிக்கிய விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடைவெளி அதிகம். வட்ட உருளை வந்த பிறகு அந்த ஆபத்து குறைந்தது. விலை மலிவு என்று சதுர உருளை மெஷினை யாராவது தலையில் கட்ட வந்தால் வாங்காதீர்கள்.

தோழர்களே, இத்தனை நேரம் வேலியையும் மூடியையும் பற்றியே பேசுகிறோமே, ஏன்? ஒரு விரலுக்கு என்ன விலை என்று சிந்தித்துப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தது. பெருவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். சுண்டுவிரல் போனால் 7 சதவீதம். எழுத்து வேலை செய்பவருக்கும் இதே கணக்கு, உளி பிடிப்பவருக்கும் இதே கணக்கு. ஆள்காட்டி விரல் இல்லாத கையால் இழைப்புளியை நேராக ஓட்டிப் பார்க்கட்டும், 14 சதவீதம் என்று எழுதியவர்கள்!

அந்தப் பணமாவது நம் கைக்கு எளிதில் வந்ததா? காண்ட்ராக்டரின் வருகைப் புத்தகத்தில் பெயரே இல்லாதவன் எந்தக் கதவைத் தட்டுவான்? இன்னொன்றையும் கவனியுங்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில், மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு கட்டளையிட்டது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ, அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. பதினான்கு பேர் உழைக்கும் இந்தப் பட்டறை பழைய கணக்கில் தொழிற்சாலை; புதிய கணக்கில் அந்தப் பெயர் இதற்குக் கிடையாது. மரவேலைப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த அளவுதானே? ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் வாளின் கூர்மை குறைந்துவிடுமா? சட்டத்தை மாற்றப் போராடுவோம்; அதுவரை கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது. எனவேதான் நம் வேலியை நாமே போட்டோம். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் ஈ.எஸ்.ஐ.யிலும் அத்தனை பேரையும் பதிந்தோம்.

மேலே ஓடும் இந்தக் குழாய்கள் தூளை உறிஞ்சுபவை. ஒவ்வொரு மெஷினின் வாயிலிருந்தும் தூளை இழுத்து வெளியே உள்ள பைக்குக் கொண்டு போகின்றன. மரத்தூள் மூக்கிலும் அதை ஒட்டிய குழிகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே அறிவித்துவிட்டது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடையும் 2004-ல் அதே வரிசையில் சேர்த்தது. ‘நம் அப்பன், பாட்டன் எல்லாம் தூளில்தானே வாழ்ந்தார்கள்’ என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கையால் அறுத்தார்கள். அதில் விழுந்தது பெருந்தூள். இன்றைய மெஷின் எழுப்புவது கண்ணுக்குத் தெரியாத மாவு. அதைக் கம்ப்ரஸரால் ஊதினால் போய்விடாது. காற்றில் ஏறி நெஞ்சில் இறங்கும். இங்கே ஊதுவதற்குத் தடை.

வேலை மேசைகள் ஏன் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன என்று ஒரு தம்பி கேட்டார். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அந்த உயரம் இழைப்பதற்கு ஏற்றது. ஆளுக்கு ஆள் அது மாறும். தரையில் குந்தி, காலால் மரத்தை மிதித்துப் பிடித்து வேலை செய்தே நாற்பது வயதில் இடுப்பைப் பறிகொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வழக்கத்துக்கு இங்கே முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம்.

பாலிஷ் அறையில் நம் சகோதரிகள் வேலை செய்கிறார்கள். ஆண்களுக்குள்ள அதே கூலி. தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது, தரையில் படியும். ஆகவே வெளியேற்றும் காற்றாடியைத் தரையை ஒட்டி வைத்து, மோட்டாரையும் சுவிட்சையும் சுவருக்கு வெளியே வைத்திருக்கிறோம். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். அதற்குத் தண்ணீர் நிரப்பிய டப்பா உண்டு.

எச்சரிக்கைப் பலகைகள் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பாஷை தெரியாத ஊரில் நாம் பட்டது போதும். இன்று உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் வரும் தம்பிகள் நம்மிடம் அதைப் படக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத எந்தப் பிள்ளையும் மெஷின் அருகே நிற்கக்கூடாது. அப்பனுக்கு எடுபிடியாக வந்த பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

‘இத்தனை செலவு செய்தால் வியாபாரம் கட்டுமா?’ என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஒரு விபத்து நடந்தால் நிற்கும் வேலை, ஆஸ்பத்திரிச் செலவு, அந்தக் குடும்பம் வாங்கும் வட்டிக் கடன் இவற்றையெல்லாம் முதலாளி தன் கணக்கில் எழுதுவதில்லை. ஆகவே அவருக்கு மலிவாகத் தெரிகிறது. இங்கே முதலாளியும் நாமே, அடிபடுகிறவரும் நாமே. ஆகவே கணக்கு முழுதாக வருகிறது. வரவு செலவு மாதாமாதம் அந்தச் சுவரில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தொழிலாளியால் தொழில் நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த ஊரே பதில் சொல்லியிருக்கிறது. காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலில் அவர்கள் முதல் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது 1957-ல், இதே பெங்களூரில்தான். பரிமாறியவர்களே உரிமையாளர்கள் ஆனார்கள். தட்டு ஏந்திய கைகளால் முடிந்தது, உளி ஏந்திய கைகளால் முடியாதா?

தோழர்களே, இதுபோல் ஒரு பட்டறை கட்ட எல்லோருக்கும் நாளையே வசதி வராது. ஆனால் நாளைக் காலையே செய்யக்கூடியவை உண்டு. கழற்றிப் போட்ட மூடியைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். உடைந்த ரீப்பரில் ஒரு தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். வாள் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். வருகைப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்று பயந்தால், நாலு பேராகக் கேளுங்கள். நாலு பேரும் பயந்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

பட்டறையின் வரைபடமும் சாமான் பட்டியலும் விலையோடு மேசை மேல் இருக்கின்றன. பிரதி எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெஷின் பழக்கம் கற்றுத் தரப்படும், கட்டணம் இல்லை. எந்த மொழி பேசுபவரும் வரலாம், எந்தச் சாதியில் பிறந்தவரும் வரலாம். கூர்தீட்டிய உளியும் பத்து விரலும் இருந்தால் போதும். அந்தப் பத்தையும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பொறுப்பு.