கோடையில் தூங்கும் கிழங்குகள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் ஒன்றுகூடலின்போது பிரதான மண்டபத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்தில் லில்லி வளர்ப்பது பற்றி இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருடங்கள் தாதியாக வேலை செய்தவள் நான், தோட்டம் பொழுதுபோக்குத்தான். ஆனால் இந்தத் தலைப்புக்குள் தாதி ஒருத்திக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது பின்னுக்கு வரும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் கேட்பது, “பனி வரும்போது கிழங்கை என்ன செய்வது?” என்று. ஆரையம்பதியிலும் வாழைச்சேனையிலும் இருப்பவர்கள் கேட்பது, “வருடா வருடம் கிழங்கு அழுகிப் போகிறதே, ஏன்?” என்று. இரண்டும் ஒரே கேள்விதான். கிழங்கு எப்போது, எப்படித் தூங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை வந்துவிடும்.

படிக்கிற காலத்தில் குமிழ் என்றும் முகிழ் என்றும் பிரித்து, படம் கீறி, பெயர் குறித்தோம். இன்றைக்கு எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்லிப் போகிறேன், விஞ்ஞான ரீச்சர்மார் மன்னிக்க வேண்டும். மண்ணுக்கு மேலே இருக்க முடியாத ஒரு காலத்தைக் கடப்பதற்காகச் செடி கட்டி வைத்த சோற்றுப் பொதிதான் கிழங்கு. கனடாவில் அந்தக் காலம் பனி. எங்களுக்குப் பனி இல்லை. எங்கள் செடிக்கு ஆகாத காலம் வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கிற கச்சான். மட்டக்களப்புக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வாவிக்கரைப் புல்லே கருகிவிடும். ஆகவே எங்களூர்க் கிழங்குகள் கோடையில் தூங்கி மாரியில் விழிக்கின்றன. புத்தகத்தில் குளிர்காலப் பராமரிப்பு என்று போட்டிருப்பதை நாங்கள் கோடைப் பராமரிப்பு என்று வாசிக்க வேண்டும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஈரமாகவும் குளிராகவும் தூங்குவது. மற்றது காய்ந்தும் வெதுவெதுப்பாகவும் தூங்குவது. இந்த இரண்டையும் மாறி வைத்தால்தான் கிழங்கு சாகிறது.

முதலாவது சாதி, உண்மையான லில்லி. ஈஸ்டர் நாளில் தேவாலயப் பீடத்தில் வைக்கிறோமே, அந்த நீளக் குழல் வெள்ளைப் பூ. அதன் சொந்த ஊர் ஜப்பானின் தெற்குத் தீவுகள். எங்களுக்கு ஆகக் கிட்டவுள்ள காட்டு லில்லி நீலகிரி, பழனி மலைகளின் உயரத்தில் இருக்கிறது. இவற்றின் கிழங்கு வெள்ளைப்பூடு போலச் செதில் செதிலாக இருக்கும், ஆனால் வெங்காயத்துக்கு இருப்பது போன்ற வெளித்தோல் கிடையாது. அதனால் வெயிலில் காயப்போட்டால் சுருங்கிச் செத்துவிடும். மறுமுறை பூக்க ஆறு முதல் எட்டுக் கிழமை குளிர் வேண்டும். இங்கே தை மாத இரவில்கூட அந்தக் குளிர் கிடையாது. வேண்டுமானால் சற்றே ஈரமான தும்புச்சோற்றில் புதைத்து, துளை போட்ட பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். பக்கத்தில் அப்பிள் வைக்கக் கூடாது. பழுக்கிற பழம் விடும் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கெடுத்துவிடும். என் அபிப்பிராயம் என்னவென்றால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தப் பாடு படத் தேவையில்லை. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் பூவை ஈஸ்டருக்கு வாங்கி வைத்துச் சந்தோசப்படுங்கள்.

எங்கள் வளவுகளுக்கு உரியவை இரண்டாவது சாதிதான். செங்குழல் பூக்கும் அமரில்லிஸ், வெள்ளைச் சிலந்தி போன்ற ஸ்பைடர் லில்லி, மழை லில்லி, கடற்கரையில் தானாக நிற்கும் விஷமூங்கில். தாவரவியற்காரர் இவற்றை லில்லி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். முதல் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. விஷமூங்கில் எங்கள் கரைக்கே உரியது. அதன் விதை கடல் நீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். 2004 மார்கழி 26க்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கத்து வளவுகளில் மண் உப்பேறிக் கிடந்தபோது என்ன நடலாம் என்று பலர் கேட்டார்கள். மாரி மழை இரண்டு மூன்று முறை மணலைக் கழுவும்வரை இந்த விஷமூங்கில் போன்றவற்றைத்தான் நம்பலாம். பெயரில் விஷம் இருப்பது சும்மா அல்ல, சாப்பிடக் கூடாது.

மழை லில்லியைப் பற்றி ஒரு சொல். காய்ந்து கிடந்த பிறகு நல்ல மழை ஒன்று விழ, நாலைந்து நாளில் முற்றம் முழுக்க ரோசாவாய் நிற்கும். நாளாந்தம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டப் பூ வராது, இலைதான் வரும். கோடையில் நாங்கள் வாளி தூக்கினால் எங்கள் அம்மா சொல்வது, “ஒல்லுப்போலப் பொறுகா, மழை வரட்டும்” என்று. காய்ச்சல் அதற்கு வேண்டும் என்பதை அவ படிக்காமலே தெரிந்து வைத்திருந்தா.

தோண்டி எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? அது உங்கள் மண்ணைப் பொறுத்தது. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பது மணல். தண்ணீர் இறங்கிவிடும், கிழங்கை அப்படியே விடலாம். படுவான்கரை வயல் மண் களி. அங்கே மாரியில் தண்ணீர் நின்றால் விழித்திருக்கும் கிழங்கே மூச்சுமுட்டிச் சாகும். 2011 தை வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடும்வரை எத்தனை வளவு நாட்கணக்காக மூழ்கிக் கிடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். களிமண் காணிக்காரர் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டி, மணலும் தும்புச்சோறும் கலந்து நடுங்கள். அமரில்லிஸ் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

பூ முடிந்ததும் இலையை வெட்டிவிட்டு வளவைத் துப்புரவாக்குகிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. தயவுசெய்து விடுங்கள். அடுத்த வருடப் பூவுக்கான சோறு அந்தப் பச்சை இலையில்தான் சமைகிறது. மஞ்சளித்துத் தானாகச் சாய்ந்த பிறகு எடுத்தால் போதும். பங்குனி, சித்திரையில் தண்ணீரைக் குறைத்து நிறுத்துங்கள். தோண்டுகிறவர்கள் கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, நிழலில் காற்றுப்பட ஒரு கிழமை உலர்த்தி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். பொலித்தீன் பையில் கட்டாதீர்கள், வியர்த்து அழுகும். மாதம் ஒருமுறை கைபோட்டுப் பாருங்கள். மெத்தென்று இருப்பதை அன்றைக்கே எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும்.

இலையில் கறுப்பு உடம்பும் வெள்ளை, சிவப்புப் புள்ளியுமாக மயிர்க்கொட்டி போன்ற ஒரு புழு வரும். இரண்டு இரவில் செடியை மொட்டையாக்கிவிடும். மருந்து தேடி ஓடாமல் காலையில் போய்ப் பொறுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

இனிக் கார்த்திகைப் பூ. நான் பேச வந்தது முக்கியமாக இதைத்தான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்துகிற பூக்களில் முதலாவதாக வருவது இந்தக் காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வேயின் தேசிய மலர். எங்கள் நாட்டில் இதற்கு வேறு கதைகளும் உண்டு, அவை இன்றைய தலைப்பில் இல்லை. புரட்டாதி, ஐப்பசியில் முதல் மழையோடு வேலியோரம் முளைத்து, இலை நுனியையே கையாக நீட்டிப் பற்றி ஏறும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். மாசிக்குள் கொடி காய்ந்துவிடும். கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். பழைய கிழங்கு சூம்பி, அதனிடத்தில் புதிதாக இரண்டு கவர் விடும். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு இனி முளைக்காது, ஆகவே அலவாங்கால் குத்தாமல் கையால் மண்ணை விலக்கி எடுங்கள். படுக்கையாக, மூன்று அங்குல ஆழத்தில் நடுங்கள். விதை போட்டால் பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும்.

திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கங்களில் இதை விதைக்காகப் பந்தலில் பயிரிடுகிறார்கள். பெண்கள் காலையில் பூப்பூவாகச் சென்று கையால் மகரந்தம் தடவுகிறார்கள், தானாகக் காய் பிடிப்பது போதாதென்பதால். அந்த விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின், கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவு தப்பினால் அதே கொல்கிசின் நஞ்சு. செடி முழுவதிலும் உண்டு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் போகாது.

தூங்குகிற கிழங்குக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. சட்டியில் மண்ணிறமாகக் கிடக்கும்போது அது வற்றாளைக்கும் இராசவள்ளிக்கும் தங்கச்சி போலத்தான். வற்றாளை என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். நான் வேலை செய்த காலத்தில் வந்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். முதல் சில மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு வாந்தி, வயிற்றோட்டம். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் மல்லித் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் இரத்த அணுக்கள் இறங்கத் தொடங்கின. பிள்ளை பிழைத்தது. இரண்டாம் கிழமை தலையணையில் தலைமயிர் கற்றை கற்றையாகக் கிடந்ததைப் பார்த்து, அழாமல் இருந்த தாய் அன்றைக்குத்தான் அழுதா. முடி பிறகு முளைத்தது.

ஆகவே, கார்த்திகைக் கிழங்கைக் குசினியில் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அதற்குக் குளிர் ஆகவும் ஆகாது. மூடி போட்ட பாத்திரத்தில், ‘நஞ்சு’ என்று எழுதி, பூப் படமும் ஒட்டி, உயரத்தில் வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் விளங்க வேண்டும். யாராவது சாப்பிட்டது தெரிந்தால், வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல் மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வெளிநாட்டு அக்காமாருக்கு. உண்மையான லில்லிகளை ரொறன்ரோவில் தோண்ட வேண்டாம். மண் உறைந்த பிறகு மேலே சருகு மூடிவிட்டால் பனியின் கீழ் சுகமாகத் தூங்கும். ஆனால் பூனை வளர்க்கும் வீட்டில் அந்தப் பூ வேண்டவே வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். கார்த்திகையையும் அமரில்லிஸையும் முதல் உறைபனிக்கு முன் உள்ளே எடுத்து, காய்ந்த தும்புச்சோற்றில், பேஸ்மென்டில் பன்னிரண்டு பதினைந்து பாகை செல்சியசில் வையுங்கள். பங்குனியில் வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் சாடியில் எழுப்பி, உறைபனி முடிந்தபின் வெளியே விடலாம். சிட்னி, பிரிஸ்பேன்காரர் கார்த்திகையை நடவே வேண்டாம். அந்தக் கரை மணற்குன்றுகளில் அது களையாகப் பரவி, அவர்களுக்குப் பெரிய தலையிடியாக இருக்கிறது.

இன்னொன்று. இங்கிருந்து கிழங்கைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதோடு போகிற நாட்டின் அனுமதியும் வேண்டும். விமான நிலையத்தில் பிடித்துத் தண்டம் அறவிடுவார்கள், கிழங்கும் குப்பைக்குப் போகும். அங்கேயே வாங்குங்கள், கிடைக்கும்.

உள்ளூர்க்காரருக்கு மண்டப வாசல் மேசையில் மழை லில்லியும் அமரில்லிஸும் கடதாசிப் பைகளில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு மூன்று. கார்த்திகைக் கிழங்கு அந்த மேசையில் இல்லை. வேண்டியவர்கள் என்னிடம் நேரில் வாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுத்தான் தருவேன்.