புள்ளியைத் தூசி என்று எண்ணலாகாது



நம் குருதியின் செம்மையும் இலையின் பசுமையும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகளால் விளைவன. அக்குடும்பத்தின் பெயர் போர்பைரின். நான்கு சிறு வளையங்கள் கைகோத்து ஒரு பெருவளையமாக நிற்கும். நடுவே இரும்பு அமர்ந்தால் குருதியின் ஹீம். மக்னீசியம் அமர்ந்தால், சிறு மாறுதலுடன், இலையின் பச்சையம். எவர் குருதியாயினும் அவ்வளையம் ஒன்றே. இவற்றின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பிஷர் 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

விளக்கொளி படும்போது எப்பொருளும் அவ்வொளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அசைந்து கொடுக்கும். லேசரின் கடும் ஒளியிலோ அவ்விகிதம் முறிகிறது. இதனை ஆராய்வதே நேரிலா ஒளியியல்.

1961-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனும் குழுவினரும் 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தினர். அதில் பாதியான 347 நானோமீட்டரில் புற ஊதா ஒளி பிறந்தது. ஒளிப்படத் தட்டில் அது சிறு புள்ளியாகவே பதிந்தது. கட்டுரையை அச்சிட்டவர்கள் அப்புள்ளியைத் தூசி எனக் கருதி அழித்துவிட்டனர்!

குவார்ட்ஸில் தொடங்கிய தேடல் பின்னர் போர்பைரின்களை எட்டியது. அவ்வளையத்தில் எலெக்ட்ரான்கள் பல ஓரணுவில் கட்டுண்டு கிடவாமல் வளையமெங்கும் உலவுகின்றன. ஆதலால் ஒளிக்கு எளிதில் அசைகின்றன. போர்பைரின்கள் பல, மெல்லொளிக்குப் பெரிதும் வழிவிடும். ஒளி கடுமையானால் தடுக்கும். ஒளியை ஏற்றுக் கிளர்ந்த மூலக்கூறு, கிளராததைவிட மிகுதியாக ஒளியை விழுங்குவதே காரணம். எனவே லேசரிலிருந்து கண்ணையும் கருவியையும் காக்கும் திரைகளுக்காக இவை ஆராயப்படுகின்றன. நடுவிலுள்ள உலோகத்தையும் விளிம்பில் சேரும் அணுக்கூட்டங்களையும் மாற்றி, வேண்டிய பண்பை வருவித்துக்கொள்ளலாம்.

அன்பு மாணவர்களே! நாம் படிக்கும் நாளில் அறிவியல் பிரிவு கேட்டு நின்றோம். "உனக்கு அது எதற்கு?" என்றார் ஒருவர். மறுமொழி கூறாது திரும்பினோம், பி.ஏ. படித்தோம். இன்று உங்கள்முன் கூறியவற்றை எல்லாம் பின்னாளில் நூல்களைத் தேடித் தனியே கற்றோம். அன்று அவர் நம்மைத் தூசி என்று கருதினார் என்பதைவிட, நாமும் அதற்கு உடன்பட்டோம் என்பதே இன்றும் உறுத்துகிறது.

பதினோராம் வகுப்பில் சேரவிருக்கும் செல்வங்களே, விருப்பம் இருப்பின் அறிவியல் பிரிவைத் துணிந்து கேளுங்கள். மறுத்தால் மீண்டும் கேளுங்கள். உங்களுடன் வந்து நின்று கேட்க நாங்கள் இருக்கிறோம்.